ஐந்து காலி உறைகள்

நியாலாஸ் போன்ற சிற்றூரில் முறுக்குச் சுட்டு விற்பவர், விளம்பரத்திற்குப் பணமின்றிப் புதிய வாடிக்கையாளரை எவ்வாறு பெறுவது? தமிழ்நாட்டின் 'சிக்' ஷாம்பு இதற்கு நல்ல பாடமாகும்.

கடலூர்க்காரரான சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொழிலைத் தொடங்கினார். எந்த நிறுவனத்தின் ஷாம்புவாயினும், ஐந்து காலி உறைகளுக்கு ஒரு சிக் உறை இலவசம் என அறிவித்தார். காலி உறை வைத்திருப்பவர் ஏற்கெனவே ஷாம்பு வாங்குபவர். எனவே இலவசம் வீண்போகவில்லை. பின்னர், சிக் உறைகளுக்கு மட்டுமே சலுகை என மாற்றினார். முதற்படி பிறர் வாடிக்கையாளரை ஈர்த்தது. இரண்டாவது அவர்களைத் தக்கவைத்தது.

முறுக்கு வியாபாரியும் காலிப் பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கி, சிறு பாக்கெட் ஒன்றைத் தரலாம். வருபவருக்கு மட்டுமே செலவு. ஆயினும், இலவசம் ஒருமுறைதான் அழைத்து வரும். மறுமுறை அழைப்பது முறுக்கின் சுவையே.