'அவன் அப்படித்தான்' என்று மூடிய டிக்கெட்



ப்ராஜெக்ட்ல ஒரு பக் ரிப்போர்ட் வருது. முழுசா படிக்காமலே "இது பழைய பிரச்சினைதான்"னு டிக்கெட்டை மூடிட்டா என்ன ஆகும்? புது பக் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மனநல மருத்துவத்திலும் இந்தத் தவறு நடக்குது. அதன் பெயர் 'டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்'. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு மனச்சோர்வு வந்தாலும், அதையும் அந்தக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய குழுவும் 1982-ல் இதைப் பற்றி எழுதினார்கள்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். என் சித்தி பையனுக்கு டவுன் சிண்ட்ரோம், வயசு 19. பாட்டி இறந்தப்போ அவனை அடக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகல. "பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க"ன்னு சொல்லிட்டோம். அப்புறம் சரியா சாப்பிடல, தூங்கல, கிரிக்கெட் பார்க்கல. சாயங்காலம் ஆனா கேட் பக்கத்துல போய் நிப்பான். "அவன் அப்படித்தானே"ன்னோம். முதல்ல பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார்.

இரண்டாவதா பார்த்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆறு மாசத்துக்கு முன்னாடி எப்படி இருந்தான்?"

அதுதான் பாடம். மத்தவங்களோட ஒப்பிடாதீங்க. அவரோட பழைய நிலைதான் பேஸ்லைன். அதிலிருந்து மாற்றம் தெரிந்தால் இந்த வரிசையில் பாருங்க:

1. உடம்பு: பல் வலி, காது வலி, மலச்சிக்கல் இருக்கா? வலியைச் சொல்லத் தெரியாதவர் அதைக் கோபமாகக் காட்டலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம். அதுவும் மனச்சோர்வு மாதிரியே தெரியும்.

2. சூழல்: யாராவது பிரிந்தார்களா? வீடு, பள்ளி, தினசரி வழக்கம் மாறியதா? யாராவது துன்புறுத்துகிறார்களா?

3. மனம்: தூக்கம், பசி, பிடித்த விஷயங்களில் ஆர்வம் குறைந்திருக்கா? சின்ன வாக்கியத்தில், படம் காட்டிக் கேளுங்க. பதில் வரும்வரை காத்திருங்க.

மாத்திரை இதுக்கு அப்புறம்தான். இங்கிலாந்தில் தினமும் 30,000 முதல் 35,000 பேர் வரை, தேவையான நோயே இல்லாமல் மனநல மருந்து சாப்பிடுகிறார்கள் என்று 2015-ல் கணக்கிட்டார்கள். எல்லோரும் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள். அதைக் குறைக்க அடுத்த வருஷமே 'ஸ்டாம்ப்' என்ற திட்டம் வந்தது.

நம்ம நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது. அதில் அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் வரலாம்.

தம்பிக்கு ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாகவே இருந்தது. டாக்டர் சொன்னபடி சித்தி ஆல்பத்தை எடுத்து வச்சு, "பாட்டி செத்துட்டாங்க. இனி வரமாட்டாங்க"ன்னு நேரா சொன்னாங்க. ரொம்ப அழுதான். அதுக்கப்புறம் கேட்டுக்குப் போறது மெல்ல மெல்லக் குறைஞ்சுது.

உங்க வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது திடீர்னு மாறியிருந்தால், டிக்கெட்டை மூடாதீங்க. அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.