பழைய நகை கொடுத்துப் புதியது வாங்கும்போது

பழைய நகையுடன் மேலதிகக் காசும் கொடுத்துப் புதியது வாங்குவது நம்மிடையே சாதாரணம். ஆனால் தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடை சமமாக, கைக்குக் கை இருக்க வேண்டும், கூடுதல் வட்டியாகும். இதுவே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. கைபர் பேரீச்சம்பழ விடயத்தில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இலகுவானது: முதலில் விற்றுக் காசைப் பெறுங்கள், பின்னர் வாங்குங்கள்.

இதில் இலாபமும் உண்டு. பழையதன் பெறுமதி தனியாகத் தெரியவரும். 22 கரட்டில் தூய தங்கம் 91.6 வீதம், ஒரு பவுண் 8 கிராம். கல்லின் எடையைத் தங்க விலையில் சேர்க்க விடாதீர்கள். கரட், எடை, சேதாரம், கூலி ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

நகைக்கடைச் சகோதரர்களே! பழையதற்குரிய காசை வாடிக்கையாளர் கையில் கொடுத்த பின்னரே புதியதை விற்பனை செய்யுங்கள். மார்க்கமும் பேணப்படும், வியாபாரத்தில் நம்பிக்கையும் வளரும்.