வேம்பு நடித்த படம்

எங்கள் பள்ளி முற்றத்து வேம்பை அறியாதவர் இம்மலரைப் படிப்போரில் இருக்க முடியாது. அதன் நிழலில் மதிய உணவு உண்ணாத மாணவி இல்லை. மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் காத்து நிற்பதும் அங்கேதான். ஆனால் அம்மரம் எந்த மாதம் இலை உதிர்க்கிறது, எந்த மாதம் பூக்கிறது என்று கடந்த ஜூன் மாதம் எங்களைக் கேட்டிருந்தால் விழித்திருப்போம். ஒன்பதாண்டுகள் அதன் கீழே ஓடி ஆடியவர்கள் நாங்கள்! அந்த அறியாமை எப்படி நீங்கியது என்பதே இக்கட்டுரை.

அறிவியல் மன்றத்தின் சார்பில் பருவங்களைப் பற்றி ஒரு சிறு அசைவுப்படம் எடுக்கலாம் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை அவர்கள் கூறியபோது வகுப்பே மகிழ்ச்சியில் ஆரவாரித்தது. வேலை எவ்வளவு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அசையாப் படம் அசைவது எப்படி?

ஒரு பொருளைப் படம் பிடிக்கிறோம். அதைச் சற்றே நகர்த்தி மீண்டும் படம் பிடிக்கிறோம். இப்படிப் பல படங்கள் எடுத்து வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் அப்பொருள் தானே நகர்வதுபோல் தோன்றும். ஒரு வினாடியில் பத்துக்கு மேற்பட்ட படங்கள் வந்தால் நம் கண்ணும் மூளையும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காண்பதில்லை. இம்முறைக்கு 'ஸ்டாப் மோஷன்' என்று பெயர். திரையரங்கில் ஓடும் படங்களில் வழக்கமாக வினாடிக்கு 24 படங்கள் உண்டு. நாங்கள் 12 போதும் என்று முடிவு செய்தோம்.

இது புதிய கலையன்று. 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை வெளியிட்ட தாதாசாகிப் பால்கே, அதற்கு முன் 1912இல் ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்து ஒரு குறும்படமாக்கினார். ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி, கத்தரிக்கோலால் கறுப்புத்தாளில் உருவங்களை வெட்டி, அவற்றை நகர்த்தி நகர்த்தியே ஒரு முழுநீளப் படம் எடுத்து 1926இல் வெளியிட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அசைவுப்படங்களில் அதுவே மிகப் பழையது. ஒரு கத்தரிக்கோல் எவ்வளவு செய்யும் என்பதைத் தையல் வகுப்பில்கூட நாங்கள் அவ்வளவு உணர்ந்ததில்லை.

எங்கள் கணக்கு இது: படம் 3 நிமிடம், அதாவது 180 வினாடி, வினாடிக்கு 12 வீதம் 2160 படங்கள். மணிக்கு 60 படங்களே எங்களால் எடுக்க முடிந்தது. ஆக 36 மணி நேரம். சனிக்கிழமைக்கு இரண்டு மணி வீதம் 18 சனிக்கிழமைகள்!

முதல் தவறு

வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்கள் என்று எழுதிக்கொண்டோம். எந்தப் படப்புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தானே இருக்கிறது! குளிர்காலத்துக்குக் கவலையே இல்லை. கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு ஆண்டுதோறும் ஒட்டும் பஞ்சு ஒரு பெட்டி நிறைய இருந்தது. முதலில் இலையுதிர்காலத்தை எடுத்தோம். சிவப்புக் கிளேஸ் காகிதத்தில் நூற்றுக்கணக்கான இலைகளை வெட்டி, அட்டையில் செய்த மரத்திலிருந்து ஒவ்வொன்றாக விழச் செய்தோம். மூன்று சனிக்கிழமைகளில் 360 படங்கள். ஓட்டிப் பார்த்தபோது எங்கள் கண்ணுக்கு மிக அழகாகவே இருந்தது.

அப்போது வகுப்பறையைக் கூட்ட வந்த ஆயாம்மா சற்று நின்று பார்த்தார்கள்.

"என்ன மரம் கண்ணுகளா இது?"

"நம்ம வேப்பமரம்தான் ஆயாம்மா. அக்டோபர் மாசம் இலை உதிருது."

ஆயாம்மா சிரித்துவிட்டார்கள். "ஐப்பசியிலயா? அது அடை மழைக்காலமாச்சே! மரம் பச்சைப் பசேல்னு நிக்குமே. மாசி பொறக்கட்டும், அப்பப் பாருங்க. காலையில ஒரு கூடை, சாயங்காலம் ஒரு கூடைன்னு அள்ளுறது நான்தானே! அதுவும் சிவப்பாவா உதிருது? மஞ்சளால்ல உதிரும்!"

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. நாங்கள் காட்டியது யாருடைய இலையுதிர்காலம்? எங்களில் ஒருவர்கூடக் கண்ணால் காணாத ஓர் ஊரின் காலம். பஞ்சினால் செய்ய இருந்த பனியும் அப்படியே. ஆறு மணி நேர உழைப்பை வீசி எறிவதா, வைத்துக்கொள்வதா என்று வாக்குவாதம் மூண்டது. "படம் அழகாக இருந்தால் போதாதா? யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றனர் சிலர். "ஆயாம்மா கவனித்துவிட்டார்களே!" என்றனர் மற்றவர். ஆசிரியையிடம் சென்றோம். "படம் உங்களுடையது, முடிவும் உங்களுடையதே. ஆனால் அறிவியல் மன்றத்தின் பெயர் அதில் வரும் என்பதை மறவாதீர்கள்" என்றார்கள். அன்று மாலையே 360 படங்களையும் அழித்தோம். கண் கலங்கியவர் இருவர்.

நமக்கு ஏன் வேறு பருவங்கள்?

வெயில் காலம் எதனால் வருகிறது என்று வகுப்பில் கேட்டபோது, பூமி கதிரவனுக்கு அருகில் செல்வதால் என்று பாதிப்பேர் கை தூக்கினோம். அது தவறு. பூமி கதிரவனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில் (ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர்), மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில் (ஏறக்குறைய 15.2 கோடி). மிக அருகில் இருக்கும் மார்கழியில்தான் நாம் போர்வையைத் தேடுகிறோம்!

காரணம் பூமியின் சாய்வு. பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருக்கிறது. ஒரு பந்தில் ஊசியைச் செருகிச் சாய்த்துப் பிடித்து, ஊசி எப்போதும் ஒரே திசையை நோக்குமாறு மேசை விளக்கைச் சுற்றி வந்தோம். ஒரு பக்கத்தில் பந்தின் மேல்பாதி வெளிச்சத்தை மிகுதியாகப் பெற்றது. எதிர்ப்பக்கத்தில் கீழ்ப்பாதி பெற்றது. நடுவயிற்றுப் பகுதிக்கு மட்டும் பெரிய வேறுபாடில்லை. நாம் அந்த நடுவயிற்றுக்கு அருகில் வாழ்பவர்கள். லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் 16½ மணிக்கு மேல் நீள்கிறது. டிசம்பரில் 8 மணிக்கும் குறைந்துவிடுகிறது. நம் திருச்சியிலோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே. ஆகவே நம் பருவங்களை வெயிலோடு காற்றும் மழையும் சேர்ந்தே பிரிக்கின்றன.

கதிரவன் ஆண்டுக்கு இருமுறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. திருச்சியில் அது ஏப்ரல் 18ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்டு 25ஆம் நாளை ஒட்டியும் நிகழும். ஆகஸ்டில் அந்நாட்களில் முற்றத்தில் ஒரு கோலை நேராக நட்டுக் காத்திருந்தோம். பகல் 12.15 மணி வாக்கில் கோலின் நிழல் அதன் காலடியில் ஒடுங்கி மறைந்தது. கீழ்வகுப்புத் தங்கைகள் தங்கள் நிழலைக் காணோம் என்று கூவினார்கள்.

எங்கள் ஆறு பருவங்கள்

தமிழாசிரியை அவர்களிடம் சென்றோம். தொல்காப்பியம் குறிக்கும் ஆறு பெரும்பொழுதுகளை விளக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம். ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி, 360 படங்கள் என்று புதிதாகத் திட்டமிட்டோம்.

1. கார் (ஆவணி, புரட்டாசி): மாலையில் இடியோடு மழை. மேகத்துக்குக் கரித்தூள் தடவிய பஞ்சு. குடிலுக்கு வைத்திருந்த பஞ்சு இங்கே பயன்பட்டது.

2. கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): வங்கக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குக் காற்று தரும் மழை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மழைக்கு வெள்ளை நூல் துண்டுகள். வேம்பு முழுப் பச்சை.

3. முன்பனி (மார்கழி, தை): இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கும் காலம். வாசலில் கோலம், புள்ளி புள்ளியாக வளர்கிறது. ரவையால் கோலமிட்டோம்.

4. பின்பனி (மாசி, பங்குனி): இரவின் பிற்பகுதியில் பனி, பகலில் வெயில் ஏறும். வேம்பு மஞ்சளாகி இலை உதிர்க்கிறது. ஆயாம்மா கூட்டுகிறார்கள்.

5. இளவேனில் (சித்திரை, வைகாசி): தளிரும் பூவும். வேப்பந்தளிர் முதலில் செம்புநிறமாக இருக்கும்! வீணாயிற்று என்று வருந்திய சிவப்புக் காகிதம் முழுவதும் தளிராயிற்று. பூவுக்குப் பொரித்த ஜவ்வரிசி.

6. முதுவேனில் (ஆனி, ஆடி): வேப்பம்பழம் உதிர்கிறது, காகம் கொத்துகிறது. ஆற்றில் புதுவெள்ளம்.

இந்த ஆறாவதில் ஒரு தோழி கேட்டாள்: "ஆடியில் இங்கே மழையே இல்லையே, காவிரி எப்படிப் பெருகும்?" நல்ல கேள்வி. அப்போது வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அப்பக்கமே பெரும்பாலும் பொழிந்துவிடுகிறது. நமக்கு வருவது காற்றும் தூறலும். ஆனால் காவிரி பிறக்கும் குடகில் பெய்த மழை ஆறாக நம்மிடம் வந்து சேர்கிறது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். நீர் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். வேறோர் ஊரின் மழையை நாம் ஆடிப்பெருக்காகக் கொண்டாடுகிறோம்! நீலத் தாவணி ஒன்றை மடித்து மடித்து நகர்த்தி அவ்வெள்ளத்தைக் காட்டினோம்.

படப்பிடிப்பில் பட்ட பாடு

ஆசிரியையின் கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, முக்காலியின் கால்களைத் தரையோடு டேப் ஒட்டிவிட்டோம். ஒட்டாமல் விட்ட அன்று ஒருத்தியின் முழங்கை பட்டு 40 படங்கள் வீணாயின. சன்னல் வெளிச்சத்தை நம்பக்கூடாது என்றும் கற்றோம். மேகம் ஒன்று கடந்தால் படத்தில் மரம் கண் சிமிட்டுகிறது. ஆகவே சன்னல்களை அடைத்து, இரண்டு மேசை விளக்குகளை வைத்தோம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் காகித இலை எம்மாத்திரம்! மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்வை வழிய வேலை செய்தோம். விளக்கின் சூட்டில் களிமண் காகத்தின் கழுத்து அடிக்கடி வெடித்தது. ஈரத்துணி போர்த்தி வைத்துக் காப்பாற்றினோம்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஒன்று. ஓர் இலை மரத்தில் இருப்பதை வரையலாம்; தரையில் கிடப்பதையும் வரையலாம். ஆனால் அசைவுப்படத்துக்கு அது போதாது. இடையில் என்ன நிகழ்கிறது? நேரே விழுகிறதா, சுழல்கிறதா? எவ்வளவு நேரத்தில் விழுகிறது? இவற்றை அறியாமல் கை அடுத்த படத்துக்கு நகராது. மாசியில் உதிர்வதை மார்கழியில் படம் எடுக்க வேண்டியிருந்ததால் ஆயாம்மாவிடமே கேட்டோம். "காத்து இல்லேன்னா சுத்திச் சுத்தி மெதுவா எறங்கும். காத்தடிச்சா ஒரேயடியா கொட்டும். இலையோட ஈர்க்கும் விழும், அதுதான் துடைப்பத்துல மாட்டிக்கிட்டு உயிரை வாங்கும்" என்றார்கள். அச்சொற்களையே பதிவு செய்து, பின்பனிக் காட்சிக்குப் பின்னணிக் குரலாக வைத்துவிட்டோம். ஈர்க்குகளையும் சேர்த்தோம்.

சித்திரைப் பூவைப் பற்றியும் அவர்களே சொன்னார்கள். அம்மாதம் நமக்குத் தேர்வு, பின்பு விடுமுறை. பள்ளி வேம்பு பூத்து நிற்பதை நிதானமாகக் காண்பவர் அவர்கள் மட்டுமே.

வெள்ளித்திரையில்

ஜனவரி இறுதியில், தலைமைச் சகோதரி அவர்களும் பெற்றோரும் அமர்ந்திருக்கப் படம் மன்றத்தில் காட்டப்பட்டது. மூன்றே நிமிடம்! தம் குரல் ஒலித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். படம் முடிந்ததும் ஓடிச்சென்று, "எப்படி இருந்தது ஆயாம்மா?" என்றோம். "நல்லாத்தான் இருக்கு கண்ணுகளா. ஆனா இலை பத்தல" என்றார்கள்.

தங்கைகளே, நீங்களும் முயலலாம். பழைய நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருபது படம் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் இலை சிறிது கீழே இறங்கட்டும். பிறகு பக்கங்களை விரலால் விரைந்து புரட்டுங்கள். கைப்பேசி வேண்டாம், காசு வேண்டாம். ஆனால் வரையும் முன் ஒருமுறை மரத்தைப் பாருங்கள்.

இம்மலர் உங்கள் கையில் சேரும்போது மாசி பிறந்திருக்கும். முற்றத்துக்குச் சென்று ஐந்து நிமிடம் நில்லுங்கள், இலை உதிர்ந்துகொண்டிருக்கும். கூடை நிறைந்திருந்தால் தூக்கிவிட ஒரு கை கொடுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவியர், அறிவியல் மன்றம்