ஆகாய கங்கைக்கு லென்ஸோடு போகிறவர்களுக்கு

கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் பைக்கை நிறுத்தி, அதன் பக்கக் கண்ணாடியைப் பார்த்து கண்ணில் லென்ஸ் மாட்டும் பிள்ளைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைவிட வயிற்றைக் கலக்குவது, அதே லென்ஸோடு அவர்கள் ஆகாய கங்கை அருவிக்கடியில் தலையைக் கொடுப்பது. கொல்லிமலை ஏற லென்ஸ் நல்ல துணைதான். வியர்வையில் நழுவாது, பனியில் மங்காது. அருவிக்கு மட்டும் அது ஆகவே ஆகாது.

1. ஒருநாள் போட்டு எறியும் லென்ஸ் மட்டும் கொண்டுபோங்கள். மாத லென்ஸ் வீட்டில் இருக்கட்டும். புதிதாகப் போடுபவர் மலையில் பழகக் கூடாது. ஊரிலேயே சில நாள் போட்டு ஓடிப் பாருங்கள்.

2. பையில் வேண்டியவை: கூடுதலாக ஒரு ஜோடி, கயிறு கட்டிய பவர் கண்ணாடி, லென்ஸுக்கென்றே உள்ள சொட்டு, சோப்பு, டிஷ்யூ, குடிநீர், குப்பைக்கு ஒரு சின்னக் கவர். பவர் கண்ணாடி இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

3. அறையிலேயே, சோப்பால் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டுங்கள். சன்ஸ்கிரீனும் கொசுக் களிம்பும் அதற்குப் பிறகுதான்.

4. 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி இறங்கியே இருக்கட்டும். எதிர்க்காற்று லென்ஸை உலர்த்திவிடும். தூசி விழுந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். கசக்கினால் லென்ஸ் மேலிமைக்குள் மடிந்துகொள்ளும். கண்ணுக்குப் பின்னால் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். இமையையும் விழியையும் இணைக்கும் சவ்வு அங்கே வழியை அடைத்திருக்கிறது. சொட்டு விட்டு, கண்ணை மூடி, இமையை மெல்ல நீவினால் இறங்கி வரும்.

5. இனி அருவி. தடுமாறுகிற இடம் இதுதான்.

அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், ஐயாறு ஆகாய கங்கையாய் விழுகிறது. மூலிகைத் தண்ணீர், கண்ணுக்கு நல்லது என்பார்கள். எவ்வளவு தெளிந்த தண்ணீரானாலும் ஆற்றிலும் மண்ணிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கும். குழாய்த் தண்ணீரிலும் இருக்கலாம். மென்லென்ஸ் தண்ணீரை உறிஞ்சும். அந்த உயிரைக் கருவிழியோடு ஒட்டவைத்துக் காவல் காக்கும். அது கூடு கட்டிக்கொண்டு உள்ளே புகுந்தால் மருந்துக்கு எளிதில் மசியாது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். சிலருக்குக் கருவிழி மாற்று வரை போகும். அபூர்வமான நோய்தான். ஆனால் லென்ஸ் போடுபவர்களுக்கு அதன் ஆபத்து அதிகம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இறங்கும்போது லென்ஸ் இருக்கட்டும். படிகளில் பார்வை தெளிவாக வேண்டும். சாரல் எட்டுவதற்கு முன்பே காய்ந்த ஒரு படியில் உட்காருங்கள். கொண்டுவந்த குடிநீரும் சோப்பும் கொண்டு கை கழுவி, டிஷ்யூவால் விரல் நுனிவரை துடையுங்கள். லென்ஸைக் கழற்றிக் கவருக்குள் போடுங்கள். ஆற்றில் வீச வேண்டாம். பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மிச்சப் படிகளை இறங்குங்கள். குளிக்கும்போது கண்ணாடி கரையிலிருப்பவர் கையில் இருக்கட்டும். நீங்கள் பிடிமானத்தை விடாதீர்கள்.

குளித்ததும் புது ஜோடி மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். தலைமுடி சொட்டும், கை ஈரம். கயிறு கட்டிய கண்ணாடியோடே மேலேறுங்கள். கூடுதல் ஜோடி, வழியில் கிழிந்தாலோ தொலைந்தாலோ மட்டுமே.

கண்களை இறுக மூடிக்கொண்டு குளிக்கிறேன், இரண்டே நிமிடம் என்பவர்களிடம் வாதாடி ஓய்ந்துவிட்டேன். 300 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் இமையைக் கேட்டுக்கொண்டு உள்ளே வராது.

6. லென்ஸ் தவறி நனைந்துவிட்டால், கை துடைத்து உடனே கழற்றி எறியுங்கள். தண்ணீரில் அலசியோ எச்சில் தொட்டோ திரும்பப் போடாதீர்கள்.

7. இரவு விடுதியில் லென்ஸோடு தூங்க வேண்டாம்.

8. கழற்றிய பிறகும் சிவப்பு, வலி, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மெட்ராஸ் ஐ என்று தாமாக முடிவுசெய்து மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விடுவோர் உண்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமிக்குத்தான் வசதி. சேலத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே முதல் வாக்கியமாக, “லென்ஸ் போட்டிருந்தேன், அருவியில் குளித்தேன்” என்று சொல்லுங்கள். மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.