லிங்க் கொடுத்தவருக்கு என்ன பொறுப்பு?

கேள்வி: மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆர்.கே.புரத்திலேயே தங்கிவிட்டவள் நான். டெல்லித் தமிழர்களைப் பற்றியும், படித்த புத்தகங்களைப் பற்றியும் சொந்தமாக ஓர் இணையதளத்தில் எழுதி வருகிறேன். கட்டுரைக்கு அடியில் ‘மேலும் படிக்க’ என்று சில லிங்க் கொடுப்பது வழக்கம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ சர்ச்சையைப் பற்றி எழுதியபோது, அவரைக் கன்னாபின்னாவென்று திட்டும் பக்கம் ஒன்றுக்கும் லிங்க் வைத்தேன். “இந்தக் கண்றாவியை எடுத்துடும்மா” என்கிறாள் மகள். “எழுதினவன் எவனோ, லிங்க் கொடுத்த உங்களுக்கு என்ன வந்தது?” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதற்கு லிங்க் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று எப்படித்தான் முடிவு செய்வது?
— ஒரு வாசகி, ஆர்.கே.புரம், புதுடெல்லி

பதில்: அருமையான கேள்வி, அம்மா. அது ஆர்.கே.புரத்திலிருந்து வந்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். இந்தியச் சட்ட உலகை இந்த விஷயத்தில் உலுக்கிய வழக்கின் வேர் உங்கள் பேட்டையில்தான் இருக்கிறது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைப் பார்ப்போம். லிங்க் என்பது கைகாட்டி மரம் மாதிரி, போய்ச் சேரும் ஊருக்கு அது பொறுப்பல்ல என்று பலரும் நம்புகிறார்கள். நான் சொன்ன வழக்கு அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது. 2004 நவம்பர் 27, சனிக்கிழமை இரவு, பாஸி டாட் காம் என்ற ஏல இணையதளத்தில் ஒரு விற்பனை விளம்பரம் ஏறியது. ஆர்.கே.புரத்துப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் இருவரின் அந்தரங்கத்தைச் செல்போனில் பிடித்த வீடியோ விற்பனைக்கு இருப்பதாக அது சொன்னது. விலை 125 ரூபாய். தளத்தில் வடிகட்டி இருந்தது. அதாவது ஆபாசச் சொற்கள் வந்தால் பிடித்துக்கொடுக்கும் மென்பொருள். அதன் கண்ணில் படாமலிருக்க, விற்றவர் அதைப் புத்தகங்கள், பத்திரிகைகள் பிரிவில் மின்னூல் என்று போட்டிருந்தார். திங்கட்கிழமை காலைதான் அதை நீக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தளத்தில் வீடியோ இல்லவே இல்லை என்பது. இருந்தவை ஒரு தலைப்பு, ஒரு விவரம், ஒரு விலை. பணம் கட்டியவருக்கு வீடியோ மின்னஞ்சலில் போனது. அப்படியிருந்தும் டிசம்பரில் தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னீஷ் பஜாஜ் கைதானார். வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதரிடம் வந்தது. 2008 மே 29 தீர்ப்பில் அவர் வீடியோவையும் விளம்பரத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தார். ஆபாசப் பொருளை விற்பது குற்றம் என்று சொன்ன அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 292-ஆம் பிரிவு, அது எங்கே கிடைக்கும் என்று எந்த வழியிலாவது தெரியப்படுத்துவதையும் குற்றம் என்றது. அந்த அடிப்படையில், விளம்பர வரிகளுக்காகவே தளத்தின் மீது முகாந்திரம் இருக்கிறது, அதாவது விசாரணைக்குப் போதுமான காரணம் தெரிகிறது, என்றார்.

பிறகு 2012-இல் உச்ச நீதிமன்றம் பஜாஜை விடுவித்தது. நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் அவரை மட்டும் இழுக்க முடியாது என்பதுதான் காரணம். 2016-இல், இணைய ஆபாசத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே பொருந்தும், 292 அல்ல என்றும் சொன்னது. ஆக, வழிகாட்டியவர் நிரபராதி என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை.

அதற்காக லிங்க் கொடுத்தவரெல்லாம் எழுதியவருக்குச் சமம் என்றும் ஆகிவிடாது. வெறும் லிங்க் கொடுப்பது பதிப்பிப்பது ஆகாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2011-இல் ஓர் அவதூறு வழக்கில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமோ 2024 பிப்ரவரியில், அன்றைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் ஒரு வீடியோவை ரீட்வீட் செய்த வழக்கில், அவதூறை மறுபடி பரப்புவதும் அவதூறுதான் என்றது. லிங்க் கொடுத்ததோடு நிற்கிறோமா, அங்கே இருப்பதை நாமும் வழிமொழிகிறோமா என்பதைப் பார்க்க வேண்டும். லிங்க்கைச் சுற்றி நீங்கள் எழுதும் இரண்டு வரிக்கு அதனால்தான் அவ்வளவு கனம்.

இனி உங்கள் மகளின் அளவுகோல். கண்றாவியாக இருந்தால் எடுத்துவிடலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதையே நம் சட்டம் முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மனத்தைப் பெரிதும் புண்படுத்தும் தகவலை அனுப்புவதைக் குற்றமாக்கியது. எது புண்படுத்தும் என்று போலீஸுக்கும் தெரியவில்லை, எழுதுகிறவருக்கும் தெரியவில்லை. ஒருவருக்கு ஆபாசமாகப் படுவது இன்னொருவருக்கு இலக்கியம். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமே தெளிவில்லை என்று ஒதுக்கிய அளவுகோலை வீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லிங்க்காக அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

நான் கேட்டுப் பார்ப்பது வேறு கேள்வி: அந்தப் பக்கம் ஒவ்வொரு முறை திறக்கப்படும்போதும் யாருக்காவது புதிதாகக் காயம் உண்டாகிறதா? 2004-இல் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது அதுதான். பார்த்தவர்களின் மனம் புண்பட்டதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். வீடியோ கைமாறிய ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகளின் அந்தரங்கம் மறுபடி பறிபோனது. கண்டிப்பதற்காகத்தான் லிங்க் போட்டேன் என்று சொன்னாலும் அவர்களுக்குக் கிடைக்கும் காயம் ஒன்றேதான். 2008-இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதைப் புரிந்துகொண்டது. சம்மதமில்லாமல் எடுத்த அந்தரங்கப் படத்தைப் பரப்புவது 66இ பிரிவில் குற்றமானது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டுவதைப் பரப்புவதும், அதற்கு விளம்பரம் செய்வதும் 67பி பிரிவில் வந்தன. 67பி-யின்படி முதல் முறையே ஐந்தாண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். சென்னை இளைஞர் ஒருவரின் வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய படங்களை வைத்திருப்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, அந்த வழக்கைக் கைவிட்ட சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடும் பக்கம், ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்டு ‘கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று ஏவிவிடும் பக்கம் இவையும் இந்த வகைதான். எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும் இவற்றுக்கு லிங்க் வேண்டாம். 2004 விவகாரத்தை நீங்கள் எழுத நேர்ந்தால் வழக்கின் பெயரையும் தேதியையும் சொல்லித் தீர்ப்புக்கு லிங்க் கொடுங்கள். வாசகருக்கு அது போதும்.

கருத்து என்று வந்துவிட்டால், எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும், என் பார்வை நேர் எதிரானது. 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் என்ன நடந்தது? ‘மாதொருபாகன்’ 2010-லேயே வெளிவந்துவிட்ட நாவல். அதன் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள். முழுப் புத்தகத்தைப் படிக்காதவர்கள் அந்தத் தாள்களைப் பார்த்துக் கொதித்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் மன்னிப்பு எழுதிக் கொடுத்த பெருமாள்முருகன், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று அவர் பக்கம் நின்றது. துண்டாக வெட்டி எடுத்துக் காட்டுவதுதான் அங்கே விஷமானது. முழுசையும் வாசகர் கையில் கொடுப்பது அதற்கு மருந்து. எழுத்தாளரை எப்படியெல்லாம் வசை பாடினார்கள் என்பதற்கு நீங்கள் லிங்க் கொடுத்த பக்கமே சாட்சி. அதில் மிரட்டலோ முகவரியோ இல்லையென்றால் அது இருக்கட்டும் என்பேன்; இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வதானால் இரண்டு காரியம் செய்யுங்கள். லிங்க்குக்கு முன்னால் ‘கடுமையான வசைச் சொற்கள் கொண்ட பக்கம், அன்றைய சூழலுக்குச் சான்றாகத் தருகிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். திறப்பதா வேண்டாமா என்று படிப்பவரே முடிவு செய்துகொள்வார். அடுத்தது நோஃபாலோ. தேடுபொறிகள் பொதுவாக ஒரு லிங்க்கைச் சிபாரிசாக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலே ஏற்றும். சிபாரிசாகக் கொள்ள வேண்டாம் என்று சொல்லும் குறிப்புதான் நோஃபாலோ. 2005-இல் கூகுள் கொண்டுவந்தது. உங்கள் தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டால் நிமிஷத்தில் போட்டுத் தருவார்.

பழைய லிங்க்குகளையும் அவ்வப்போது ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு தளத்தின் பெயருக்குச் சந்தா கட்டாமல் விட்டால் வேறு யாராவது அதை வாங்கிவிடலாம். நீங்கள் லிங்க் கொடுத்தபோது இலக்கியப் பத்திரிகையாக இருந்த முகவரியில் இன்று சூதாட்டமோ ஆபாசமோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த லிங்க் மட்டும் உங்கள் பெயரில் நிற்கும். முக்கியமான பக்கங்களுக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அன்றைய தேதியிட்ட நகலைச் சேமித்து, அந்த நகலுக்கே லிங்க் கொடுத்துவிடுங்கள்.