துறைமுகம் மட்டும் போதுமா?

இலங்கைத்துறை வாசகருக்கு,

உலகம் மெச்சும் இயற்கைத் துறைமுகம் திருகோணமலையில் இருக்க, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏன் கட்டாருக்கு வேலை தேடிப் போகவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

கொழும்பில் கப்பல்கள் ஒதுங்க நல்ல குடா கிடையாது. 1875இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டித்தான் துறைமுகத்தை உண்டாக்கினார்கள். தேயிலை ஏற்றிவந்த ரயிலும், வங்கிகளும், ஏற்றுமதி நிறுவனங்களும் அதைச் சுற்றியே வளர்ந்தன. திருகோணமலையோ 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. ஆழம் இங்கே, வணிகமும் அதிகாரமும் அங்கே.

திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியர் கட்டியவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 99. அவற்றை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகப் புனரமைக்கும் என்று 1987இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைத் துணை நிறுவனத்தோடு ஒப்பந்தம் வந்தது. முறையான குத்தகைப் பத்திரம் எழுதப்படவில்லை. 2022 ஜனவரியில்தான் 14 அந்நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு என்று பங்கு பிரிந்தது. யாருக்கு எது என்று முடிவுசெய்யவே 35 ஆண்டுகள். அதற்குள் பல குதங்களைக் காடு மூடிவிட்டது.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலும் இதே கதைதான். 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் காணி முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015இல்தான் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அருகே வரவிருந்த அனல்மின் நிலையமும் 2016இல் கைவிடப்பட்டது. சனத்துக்கு விவசாயமும் போனது, நாட்டுக்கு மின்சாரமும் வரவில்லை.

சொத்துரிமைக்கும் பொதுமக்கள் குரலுக்கும் இடமளிக்கும் நிறுவனங்களே நாடுகளின் வளத்தைத் தீர்மானிப்பதில் முதன்மையானவை என்று வாதிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் அசெமோக்லு, ஜோன்சன், ரொபின்சன் மூவருக்கும் 2024இல் பொருளியல் நோபல் கிடைத்தது. சம்பூர் மக்களுக்கு இது புதிய செய்தியல்ல.

போர்தான் காரணம் என்பார்கள். பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் போர் 2009இல் முடிந்தது. அதன் பிறகும் நிலைமை மாறவில்லை: கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவேயில்லை.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்கள் தொழிற்சாலை கொண்டுவருவதாகச் சொன்னால், மாகாண சபைத் தேர்தல் எப்போது, காணி ஆணைக்குழு எப்போது என்று கேளுங்கள். தேதி சொல்பவருக்கு வாக்களியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்