கார் போர்ச்சில் மேசை ரம்பம்: எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்ரீ கெம்பாங்கானின் வரிசை வீடுகளில் மரவேலைக்கென்று தனி அறை கிடைப்பது அரிது. காரை வெளியே நிறுத்திவிட்டால் மிஞ்சும் போர்ச்சுதான் பட்டறை. பக்கத்திலேயே பாலாக்கோங்கில் மரச்சாமான் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே ஓடும் பெரிய ரம்பத்தைப் பார்த்தவருக்கு அதே மாதிரி ஒன்றை வீட்டுக்கும் வாங்கத் தோன்றும். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைப்பது நல்லது. வீட்டுக்கு வாங்கும் மேசை ரம்பத்தில் மோட்டாரின் குதிரைத்திறனைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்.

மலேசிய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். நாம் அன்றாடம் செருகும் மூன்று முனை பிளக் 13 ஆம்பியர் தாங்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3,000 வாட். 1,500 முதல் 2,000 வாட் வரையிலான சிறிய ரம்பங்கள் இதில் தாராளமாக ஓடும். 3 குதிரைத்திறன் கொண்ட கேபினட் ரம்பத்துக்கு இது பற்றாது. உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துத் தனி இணைப்பு இழுக்க வேண்டும். தொழிற்சாலை கழித்துப்போடும் பழைய ரம்பங்கள் மலிவாகக் கிடைத்தாலும் பெரும்பாலும் மூன்று ஃபேஸில் ஓடுபவை. வரிசை வீட்டில் பலருக்கு அந்த இணைப்பே இருக்காது. அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதும் சிக்கல்தான். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், 60 ஹெர்ட்ஸைத் தராது. அதனால் இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும்.

இன்னொன்று: ரம்பத்தையும் தூசி உறிஞ்சியையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகக் கூடாது. 1,800 வாட்டும் 1,200 வாட்டும் சேர்ந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். சுருள் வயர் என்றால் முழுவதும் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும்.

அடுத்தது இடம். டேப்பை எடுத்து போர்ச்சை அளக்க வேண்டும். ரம்பம் நிற்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. எட்டடிப் பலகை தகட்டுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி கேட்கும். சக்கரம் வைத்த, மடித்து நிமிர்த்தக்கூடிய தாங்கியுள்ள ரம்பம் இங்கே பெரிய வசதி. வேலை முடிந்ததும் சுவரோரம் தள்ளிவிட்டுக் காரை உள்ளே விடலாம். பிளைவுட் தாள் 1,220 மில்லிமீட்டர் அகலம். அதை நடுவில் பிளக்க, பலகை சாய்ந்து நகரும் சட்டமான ஃபென்ஸ் தகட்டிலிருந்து 610 மில்லிமீட்டராவது நகர வேண்டும். அலமாரி மட்டுமே செய்பவர், முழுத் தாள்களை மட்டுமே அறுப்பவர் என்றால் மேசை ரம்பமே தேவைதானா என்று யோசிக்கலாம். தண்டவாளத்தில் ஓடும் கைரம்பம் அந்த வேலையைக் குறைந்த இடத்தில் முடித்துவிடும்.

இடமும் மின்சாரமும் தீர்ந்தபின் பணத்தை ஃபென்ஸில் போட வேண்டும். ஃபென்ஸ் கோணலானால், எவ்வளவு வலுவான மோட்டாரும் நேராக அறுக்காது. கடையிலேயே சோதிக்கலாம். ஃபென்ஸைப் பூட்டிவிட்டு அதன் பின்முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும், அசைந்தால் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தகட்டின் ஒரு பல்லில் குறி போட்டு, முன்பக்கம் மேசையின் மைட்டர் பள்ளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அதைச் சரிசெய்ய வழி உண்டா என்று கேட்க வேண்டும்.

பாதுகாப்பில் பேரம் பேசக் கூடாது. பத்து அங்குலத் தகடு நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால் அதன் பற்களின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் சரியாக உலராத மரம், அறுபடும்போதே உள்இறுக்கத்தால் மூடிக்கொள்ளும். மூடிய வெட்டு பின்பற்களைக் கவ்வினால், பலகை அறுப்பவரை நோக்கியே பறந்து வரும். இதைத் தடுப்பது தகட்டுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப். தகட்டோடு சேர்ந்து ஏறி, இறங்கி, சாயும் ரைவிங் நைஃப் இல்லாத ரம்பத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பழைய ரம்பங்கள் பலவற்றில் அது இல்லை. புதுத் தகடு வாங்கும்போதும் அதன் வெட்டு அகலம் ரைவிங் நைஃபின் கனத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மரம் பாதியில் சிக்கும்.

விரல் பட்டதும் நிற்கும் ரம்பமும் உண்டு. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர் 1999இல் உருவாக்கிய ‘சாஸ்டாப்’, தோலின் மின்கடத்தலை உணர்ந்து 5 மில்லிவினாடிக்குள் தகட்டை நிறுத்திவிடும். விலை அதிகம். மிக ஈரமான மரமும் அதைத் தூண்டிவிடலாம். தூண்டப்பட்டால் பிரேக் பெட்டியை மாற்ற வேண்டும், தகடும் பெரும்பாலும் போய்விடும்.

கடைசியாக மரமும் மோட்டாரும். ரப்பர் மரம் உலர்ந்த நிலையில் கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ. நம் பாட்டன்மார் பால் வெட்டிய அந்த மரம் ஒரு காலத்தில் அடுப்புக்குப் போனது. இன்று நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதிக்கே அதுதான் முதுகெலும்பு. சிறிய ரம்பம் அதை எளிதாக அறுக்கும். ஆனால் மிச்சமிருக்கும் பால் பற்களில் ஒட்டிக்கொள்வதால் தகட்டை அடிக்கடி துடைக்க வேண்டும். 915 முதல் 980 கிலோ வரை கனக்கும் செங்கால் மரத்தைத் தொடர்ந்து அறுப்பவர் மட்டும் பெரிய மோட்டாரைத் தேடட்டும். மற்றவர்களுக்கு நீளவாக்கில் பிளக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல் என்று இரண்டு நல்ல தகடுகள் போதும். தகட்டின் நடுத்துளை 30 மில்லிமீட்டரா, 25.4ஆ, 15.88ஆ என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வார்ப்பிரும்பு மேசை அதிர்வைத் தாங்கும், திறந்த போர்ச்சிலோ சீக்கிரம் துருவேறும். அதை வாங்குபவர் மெழுகையும் சேர்த்து வாங்க வேண்டும். தூசிக்கு முகக்கவசமும் அவசியம்: மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. சிறிய ரம்பங்களின் பிரஷ் மோட்டார் இரைச்சல் பெரிது. காதுக்கு மூடி வேண்டும். ஒரே சுவரைப் பகிரும் பக்கத்து வீட்டாரிடம் எந்த நேரத்தில் ஓட்டலாம் என்று முன்கூட்டியே பேசிவிடவும் வேண்டும்.